கையசைவைப் படிக்க எது போதும்: முடுக்கமானியா, ஜைரோஸ்கோப்பா, அதற்கும் மேலா?

ஸ்மார்ட் கைக்கடிகாரம் கட்டிய மணிக்கட்டை இரண்டு முறை திருப்பினால் காதில் ஒலிக்கும் பாட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும். என் தேவை அவ்வளவுதான். மேசை முன் உட்கார்ந்து நூறு தடவை செய்து பார்த்தேன், ஒருமுறைகூடப் பிசகவில்லை. பெருமிதத்தோடு கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன். பூட்டில் சாவியைத் திருப்பினேன், பாட்டு மாறியது. தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகினேன், மாறியது. தலை வாரினேன், அப்போதும் மாறியது. வீடு திரும்புவதற்குள் ஒரு பாட்டைக்கூட நான் முழுதாகக் கேட்கவில்லை.

அதுவரை "எந்த அல்காரிதம் நல்லது?" என்றுதான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: நான் சைகை எதுவும் காட்டாத நேரத்தில் என் கை என்னவெல்லாம் செய்கிறது? எந்தச் சென்சார், எந்த முறை, எங்கே கணக்கிடுவது என்று கீழே நான் ஒப்பிடுவதெல்லாம் இந்தக் கேள்வியை முன்னால் வைத்துத்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். சைகை என்பது வேண்டுமென்றே செய்வது. அரை நொடியிலிருந்து ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும். பதிலும் உடனே வர வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலே ஆள் மறுபடியும் கையை ஆட்டிவிடுவார். செயல் அப்படிப்பட்டதல்ல. நடப்பது, ஓடுவது, படியேறுவது, பல் துலக்குவது எல்லாம் நிமிடக்கணக்கில் நீள்பவை. கடிகாரத்துக்காக யாரும் அவற்றைச் செய்வதில்லை. பத்து நொடி கழித்து "இவர் நடக்கிறார்" என்று தெரிந்துகொண்டாலும் குடி முழுகிப் போகாது. இடையில் நான்கு நொடி தவறாகப் புரிந்துகொண்டால், முன்னும் பின்னும் உள்ள நொடிகளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சைகையில் அந்தச் சலுகை கிடையாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்து, இரண்டுக்கும் ஒரே ஏற்பாட்டைச் செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கோட்டை விடுகிறார்கள்.

சென்சார்கள்

எந்தக் கடிகாரத்திலும் இருப்பது முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று மெல்லிய வில்களில் தொங்குகிறது. அது நகரும்போது பக்கத்துத் தகடுகளோடு மாறும் மின்தேக்கத்தை அளந்து முடுக்கத்தைச் சொல்கிறார்கள். அது அளப்பது அசைவை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மேசையில் சும்மா கிடக்கும்போதும் அது 9.8 மீ/வி² காட்டும். கைதவறிக் கீழே விழும் அந்த ஒரு கணத்தில்தான் சுழியத்தைத் தொடும். புவியீர்ப்பு எப்போதும் அதன் அளவுக்குள் கலந்திருப்பதால், மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. கையை உயர்த்தினால் திரை ஒளிர்வது இந்தக் குணத்தால்தான்.

அதே குணம்தான் அதன் குறையும். கை வேகமாக அசையும்போது, வரும் எண்ணில் எவ்வளவு சாய்வு, எவ்வளவு அசைவு என்று அதனால் தனியாகப் பிரிக்க முடியாது. முழங்கையை ஊன்றிக்கொண்டு மேசையைத் துடைக்கும்போது கை செங்குத்து அச்சைச் சுற்றித் திரும்புகிறது. புவியீர்ப்பின் திசை மாறுவதில்லை. அந்தத் திருப்பத்தை முடுக்கமானி நேரடியாகப் பார்ப்பதில்லை, அதன் எதிரொலியைத்தான் பார்க்கிறது.

ஜைரோஸ்கோப் அந்த இடத்தில்தான் உதவுகிறது. அது சுழற்சி வேகத்தை அளக்கிறது. உள்ளே ஒரு சிறு எடையை ஓயாமல் அதிரவைத்திருப்பார்கள். கடிகாரம் திரும்பும்போது கொரியோலிஸ் விசை அந்த எடையைப் பக்கவாட்டில் தள்ளும். எவ்வளவு தள்ளியது என்பதுதான் அளவு. ஓயாமல் அதிரவைப்பது என்றால் ஓயாமல் மின்சாரம் செலவழிப்பது. பாஷ் நிறுவனத்தின் பிஎம்ஐ160 சில்லை எடுத்துக்கொள்வோம். முடுக்கமானி மட்டும் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 180 மைக்ரோ ஆம்பியர், ஜைரோஸ்கோப்பையும் சேர்த்து ஓட்டினால் சுமார் 925 மைக்ரோ ஆம்பியர் செலவாகிறது. கடிகாரத்தின் பேட்டரி 300 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்தால், முடுக்கமானி ஒரு நாளில் அதில் ஒன்றரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகத் தின்னும். இரண்டும் சேர்ந்தால் ஏழு சதவீதத்துக்கு மேல். புதிய சில்லுகளில் இந்தச் செலவு குறைந்திருக்கிறது. எஸ்டி நிறுவனத்தின் எல்எஸ்எம்6டிஎஸ்ஓஎக்ஸ் இரண்டையும் முழுத் திறனில் சுமார் 550 மைக்ரோ ஆம்பியரில் ஓட்டுகிறது. ஆனாலும் இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஜைரோஸ்கோப்புக்குப் பாதகமாகவே இருக்கிறது.

அப்படியானால் ஜைரோஸ்கோப் வேண்டாமா? சைகை என்றால் வேண்டும். மணிக்கட்டைத் திருப்புவது, உதறுவது, வட்டமிடுவது என்று கையால் செய்யும் சைகைகளில் பெரும்பாலானவை சுழற்சிதான். சில செயல்களுக்கும் அது தேவைப்படுகிறது. சாப்பிடும்போது உணவை வாய்க்குக் கொண்டுபோகையில் மணிக்கட்டு ஒரு பக்கம் உருண்டு, பிறகு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த உருளலை ஜைரோஸ்கோப்பால் அளந்து, ஒருவர் எத்தனை வாய் சாப்பிட்டார் என்று எண்ணும் முறையை உருவாக்கினார்கள். முடுக்கமானியை மட்டும் வைத்து இதைச் செய்யப் போனால், முகத்தைச் சொறிவதும் ஒரு கவளமாகிவிடும்.

நடை, ஓட்டம், தூக்கம், உடற்பயிற்சியில் எத்தனை தடவை செய்தார் என்பது போன்றவற்றுக்கு என் கருத்தில் முடுக்கமானியே போதும். நொடிக்கு 50 முறை அளந்தால் தாராளம். கையசைவின் ஆற்றல் பெரும்பகுதி 20 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 20 அதிர்வுகளுக்கு) கீழேயே அடங்கிவிடுகிறது. ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தின் விஸ்டம் தரவுத்தொகுப்பு நொடிக்கு 20 அளவீடுகளையே கொண்டது. 51 பேர், 18 செயல்கள், செல்பேசி, கைக்கடிகாரம் இரண்டிலும் பதிவானது. இத்துறையில் பலர் அதை இன்னும் பயன்படுத்துகிறார்கள்.

வேகத்தை அதிகமாக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் ஓர் அழகான விடை உண்டு. 2016 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றின் மென்பொருளைத் திருத்தி, முடுக்கமானியை நொடிக்கு 4,000 முறை அளக்க வைத்தார்கள். அந்த வேகத்தில் அது அசைவு மானியாக இல்லாமல் தோலில் ஒட்டிய ஒலிவாங்கி போல ஆகிவிட்டது. விரல் சொடுக்குவது, கையில் பிடித்த மின்கருவி அதிர்வது எல்லாம் எலும்பு வழியாக வந்து சேர்ந்தன. 2019 இல் அதே குழுவினர் 25 கைவேலைகளை 95.2 சதவீதத் துல்லியத்துடன் பிரித்துக் காட்டினார்கள். மனதைக் கவரும் வேலை. ஆனால் கடிகாரத்தின் மென்பொருளை அடிவரை திருத்த உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு மூடியே இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அந்த அனுமதி இல்லை.

வடக்கைக் காட்டும் காந்தமானியை நான் சேர்ப்பதில்லை. இரும்பு மேசை, ஒலிபெருக்கி, மின்தூக்கி எது பக்கத்தில் வந்தாலும் வடக்கு எங்கோ போய்விடும்.

இன்னொரு கனவையும் இங்கேயே கலைத்துவிடுகிறேன். முடுக்கத்தைத் தொகையிட்டால் (கணந்தோறும் கூட்டிக்கொண்டே போனால்) வேகம், வேகத்தைத் தொகையிட்டால் இடம். ஆகவே கை காற்றில் எழுதும் எழுத்தை அப்படியே வரைந்துவிடலாம் என்று புத்தகக் கணக்கு சொல்லும். சாய்வைக் கணிப்பதில் ஒரே ஒரு டிகிரி தவறினால், புவியீர்ப்பின் ஒரு பங்கு சுமார் 0.17 மீ/வி² அளவுக்குப் பொய் முடுக்கமாக நுழைந்துவிடும். ஐந்தே நொடியில் அது இரண்டு மீட்டர் பிழையாக வளரும். உங்கள் கை உங்கள் உடம்பை விட்டுத் தள்ளி அறையின் மறுமூலையில் நிற்பதாகக் கணக்கு காட்டும். குறுகிய அசைவுகளுக்குச் சில தந்திரங்கள் உண்டு. ஆனால் பாதையைக் கண்டுபிடிப்பதைவிட அலையின் வடிவத்தை அடையாளம் காண்பதே எளிது.

எப்படி அடையாளம் காண்பது

இதில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது வரம்பு வைப்பது. முடுக்கம் இந்த அளவைத் தாண்டினால், சாய்வு இந்தக் கோணத்துக்குள் வந்தால் என்று நாமே எழுதும் விதிகள். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு; நான் பார்ப்பதில்லை. கீழே விழுவதைக் கண்டறிவதன் அடிப்படைத் தர்க்கமே இதுதான்: ஒரு கணம் எடையின்மை, பிறகு பலமான மோதல், பிறகு அசைவின்மை. ஆப்பிள் 2018 இல் தன் நான்காம் வரிசைக் கைக்கடிகாரத்தில் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது, 32 ஜி (புவியீர்ப்பைப் போல 32 மடங்கு) வரை அளக்கும் முடுக்கமானியைச் சேர்த்தது; மோதல் என்பது சாதாரண அசைவைவிட அவ்வளவு பெரியது. விழுந்தவர் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் கடிகாரமே உதவிக்கு அழைக்கும். அந்த ஒரு நிமிடத்தைக் கவனியுங்கள். சென்சாரின் ஐயத்தைத் தீர்க்க அவர்கள் அறிவைக் கூட்டவில்லை, காத்திருப்பைக் கூட்டினார்கள். விதிகளின் பலவீனம், எண்ணிக்கை பெருகும்போது ஒன்றையொன்று மிதித்துக்கொள்வது. நான்கைந்து சைகைகளுக்கு மேல் போனால் எந்த விதி எதைக் கெடுத்தது என்று எழுதியவருக்கே தெரியாது.

இரண்டாவது வார்ப்போடு ஒப்பிடுவது. சைகையை ஒருமுறை செய்துகாட்டி, அந்த அலையை வார்ப்பாகச் சேமித்துக்கொள்வார்கள். புதிதாக வரும் அலையைக் காலத்தில் இழுத்தும் சுருக்கியும் வார்ப்பின் மேல் பொருத்திப் பார்ப்பார்கள். டைனமிக் டைம் வார்ப்பிங் என்ற இந்த முறை பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒரே மாதிரிச் சைகையை ஒருவர் இன்று வேகமாகவும் நாளை சோம்பலாகவும் செய்வதை இது சமாளித்துவிடுகிறது. பெரிய தரவு வேண்டாம். ஒரே ஒரு செய்முறை போதும். 2009 இல் வெளியான யூவேவ் என்ற ஆய்வு, முடுக்கமானியை மட்டும் வைத்து எட்டுச் சைகைகளை 98.6 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தது. வார்ப்புகளை நாளுக்கு நாள் புதுப்பித்ததால் கிடைத்த எண் அது, புதுப்பிக்காவிட்டால் 93.5 சதவீதம்.

இந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் என் பாட்டு மாற்றும் திட்டத்தைத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கவனிக்காமல் விட்டது, அந்த ஆய்வில் சைகை தொடங்கும்போது கைக்கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி, முடிந்ததும் விடுவார்கள் என்பது. எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்பதை மனிதரே சொல்லிவிடுகிறார். எட்டில் எது என்பது மட்டுமே இயந்திரத்தின் வேலை. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரத்துக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. "இவற்றில் எதுவுமே இல்லை" என்ற ஒன்பதாவது விடைதான் அதற்கு நாள் முழுவதும் தேவைப்படுகிறது.

மூன்றாவது, தரவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் சராசரி, ஏற்ற இறக்கம், முதன்மை அதிர்வெண், அச்சுகளுக்கு (அளக்கும் திசைகளுக்கு) இடையிலான ஒட்டுறவு போன்ற பண்புகளைக் கணக்கிட்டு, ஆம், இல்லை என்ற கேள்விகளை வரிசையாகக் கேட்டு விடைக்கு வரும் முடிவு மரத்திடமோ அத்தகைய மரங்களின் கூட்டத்திடமோ கொடுப்பது. 2004 இல் பாவோ, இன்டில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்த வழியின் அடிக்கல். 20 பேர், 20 அன்றாடச் செயல்கள், உடம்பில் ஐந்து இடங்களில் முடுக்கமானி. முடிவு மரம் 84 சதவீதம் சரியாகச் சொன்னது. தொடையிலும் மணிக்கட்டிலும் மட்டும் வைத்தாலும் துல்லியம் சற்றே குறைந்தது என்பது அதன் பயனுள்ள முடிவு. அதைத் திருப்பிப் படித்தால் மணிக்கட்டு மட்டும் எதைத் தவறவிடும் என்பதும் தெரியும். கால் செய்வது மணிக்கட்டுக்குத் தெரியாது. கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பவர், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் ஆகியோரின் அடிகள் எண்ணிக்கையில் குறையும். ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறாரா, நின்றுகொண்டு தட்டச்சு செய்கிறாரா என்று கடிகாரத்திடம் கேட்பது வீண்.

இந்த மூன்றாம் வழியின் பெரிய வசதி, எங்கே தவறியது என்று திறந்து பார்க்க முடியும் என்பது. மரமும் சிறியது. மேலே சொன்ன எஸ்டி சில்லு எட்டு முடிவு மரங்கள் வரை சென்சாருக்குள்ளேயே ஓட்டும்; கடிகாரத்தின் முதன்மைச் சில்லு தூங்கிக்கொண்டே இருக்கலாம்.

நான்காவது நரம்பு வலையமைப்பு. பண்புகளை நாம் யோசித்துத் தர வேண்டாம், அலையை அப்படியே கொடுத்தால் அதுவே கற்றுக்கொள்ளும். நிறையப் பேரிடமிருந்து நிறையத் தரவு இருந்தால் நுண்ணிய சைகைகளில் இதை மற்ற மூன்றும் மிஞ்சுவதில்லை. விரலோடு கட்டைவிரலைச் சேர்த்துத் தட்டும் சைகையை ஆப்பிள் 2021 இல் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியாகத் தந்தது. முடுக்கமானி, ஜைரோஸ்கோப் இரண்டோடு நாடித்துடிப்பு பார்க்கும் ஒளி சென்சாரையும் சேர்த்து, இயந்திரக் கற்றலால் அதைப் படித்தார்கள். விரலை அழுத்தும்போது மணிக்கட்டில் தசைநாண்கள் நகர்ந்து ரத்த ஓட்டத்தின் அலை மாறுவதை அந்த ஒளி சென்சார் பார்க்கிறது. 2023 இல் அது எல்லோருக்குமான இரட்டைத் தட்டலாக வந்தது. அப்படிப்பட்ட சைகையை விதி எழுதிப் பிடிக்க முடியாது. ஆனால் உங்களிடம் பத்துப் பேரின் தரவு மட்டும் இருந்தால், வலையமைப்பு அந்தப் பத்துக் கைகளை மனப்பாடம் செய்துகொள்ளும். பதினோராவது ஆள் கட்டும்போது குட்டு வெளிப்படும்.

98 சதவீதம் என்ற எண்

எந்த வழியைத் தேர்ந்தாலும், விற்பவரும் ஆய்வாளரும் நீட்டுவது துல்லியச் சதவீதம். அதை நம்புவதற்கு முன்னால் ஒரு கணக்கு போடுங்கள். இரண்டு நொடித் துண்டுகள், பாதிப் பாதி மேற்படியும்படி வெட்டினால், நொடிக்கு ஒரு முடிவு. விழித்திருக்கும் நேரம் 16 மணி என்றால் ஒரு நாளில் 57,600 முடிவுகள். சைகை இல்லாத துண்டுகளில் 99 சதவீதத்தைச் சரியாக "இல்லை" என்று சொன்னாலும், மீதியில் கிட்டத்தட்ட 576 தடவை சும்மா இருக்கும்போது பாட்டு மாறும். நாளுக்கு ஒன்று மட்டும் தவறலாம் என்றால் 99.998 சதவீதம் வேண்டும். அந்த எண்ணை எந்த அல்காரிதமும் தனியாக எட்டாது.

எட்டும் வழி வேறு: கேட்கும் நேரத்தைச் சுருக்குவது. கையை உயர்த்தித் திரை விழித்திருக்கும்போது மட்டும் சைகையைக் கேட்பது என்று வைத்தால், ஒரு நாளில் நூறு முறை பத்துப் பத்து நொடி திரை ஒளிர்ந்தாலும் ஆயிரம் துண்டுகள்தான். அதே 99 சதவீதத்தில் பத்துத் தவறுகள். அதோடு சைகையை இரட்டையாக்கினால் அவற்றிலும் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். ஆப்பிளின் இரட்டைத் தட்டலும் திரை விழித்திருக்கும்போது செய்வதற்கானதே. என் பாட்டு மாற்றியைச் சரிசெய்ததும் இந்த மாதிரியான காவல்தான். அல்காரிதத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

ஜைரோஸ்கோப்பின் மின்செலவுக்கும் அதே காவல் மருந்தாகிறது. முடுக்கமானி நாள் முழுவதும் வாசலில் உட்கார்ந்திருக்கும். மணிக்கட்டு உயர்ந்தால் மட்டும் ஜைரோஸ்கோப்பை எழுப்பும். ஏழு சதவீதம் என்று மேலே பயமுறுத்திய செலவு இப்போது பொருட்படுத்தத் தேவையில்லாததாகிவிடுகிறது.

துல்லியச் சதவீதத்தில் இன்னொரு ஓட்டை, சோதித்த விதத்தில் இருக்கிறது. தரவை எல்லாம் ஒன்றாகக் குலுக்கி, ஒரு பகுதியில் பயிற்சி கொடுத்து மறுபகுதியில் சோதிப்பார்கள். துண்டுகள் பாதிப் பாதி மேற்படிந்திருந்தால், பயிற்சியில் இருந்த அதே அசைவின் பாதி சோதனையிலும் இருக்கும். வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதற்குச் சமம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கைகளுக்குப் பொருந்தாது. ஒருவரை முழுமையாக வெளியே வைத்துவிட்டு, மற்றவர்களிடம் கற்றதை அவர்மேல் சோதிப்பதுதான் நேர்மையான முறை. பெரிதும் பயன்படும் யுசிஐ செயல்பாட்டுத் தரவுத்தொகுப்பு (செல்பேசியை இடுப்பில் கட்டி 30 பேரிடம் எடுத்தது, 2.56 நொடித் துண்டுகள்) ஆட்களையே இரண்டாகப் பிரித்துத் தந்திருப்பதால் இந்தக் குற்றத்திலிருந்து தப்புகிறது. வேறொரு கட்டுரையில் 99 சதவீதம் என்று கண்டால், ஆட்களைப் பிரித்தார்களா என்று முதலில் தேடுங்கள். சொல்லாமல் விட்டிருந்தால் பிரிக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் பொதுவான மாதிரியா (தரவிலிருந்து கற்ற கணக்குமுறை), ஒவ்வொருவருக்கும் தனி மாதிரியா என்ற தேர்வும் இதோடு சேர்ந்ததுதான். சிலர் கடிகாரத்தை இறுக்கிக் கட்டுகிறார்கள், சிலர் வளையல் போலத் தொங்கவிடுகிறார்கள். இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினால் சில அச்சுகளின் குறி தலைகீழாகும். கை நடுங்குபவர்கள், குழந்தைகள், முதியவர்கள் செய்யும் அதே சைகை வேறு அலையாக வரும். பயனர் தன் சொந்த அசைவைச் சில நிமிடம் பதிவுசெய்து தருவாரானால், அந்தச் சிறு தரவு பிறரின் பெருந்தரவைப் பெரும்பாலும் வென்றுவிடும். தருவாரா என்பதுதான் கேள்வி. மூன்று முறை செய்துகாட்டச் சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். முப்பது முறை என்றால் கடிகாரத்தைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே பொது மாதிரியில் தொடங்கி, மூன்று செய்முறைகளால் அதைத் திருத்துவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

எங்கே கணக்கிடுவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடுக்கமானிக்கு மூன்று, ஜைரோஸ்கோப்புக்கு மூன்று என ஆறு அச்சுகள், அச்சுக்கு இரண்டு பைட், நொடிக்கு 50 முறை என்றால் நொடிக்கு 600 பைட். ஒரு நாளுக்குச் சுமார் 52 மெகாபைட். சேமிப்பதற்கு அது பெரிதல்ல. நாள் முழுவதும் ப்ளூடூத் வழியாக அனுப்பினால் பேட்டரிக்குப் பெரியது. சென்சாரின் உள்நினைவகத்தில் சேர்த்துவைத்து முதன்மைச் சில்லை அவ்வப்போது எழுப்புவதே வழக்கம். பிஎம்ஐ160 இல் அந்த நினைவகம் 1,024 பைட், அதாவது ஆறு அச்சுகளுக்கும் 1.7 நொடித் தரவு. செயல்களுக்கு அது தோதானது. சைகைக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது.

தொலைவிலுள்ள சேவையகத்துக்கு அனுப்புவதை நான் ஏற்காததற்குப் பேட்டரி இரண்டாவது காரணம்தான். 2016 இல் வெளியான ஓர் ஆய்வில், பணம் எடுக்கும் இயந்திர வகை விசைப்பலகையில் ரகசிய எண்ணை அழுத்தும்போது கையில் கட்டிய கருவியின் அசைவுத் தரவை மட்டும் வைத்து, அந்த எண்ணை முதல் முயற்சியில் 80 சதவீதமும் மூன்று முயற்சிகளுக்குள் 90 சதவீதத்துக்கு மேலும் கண்டுபிடித்தார்கள். நடையை எண்ணுவதற்கென்று அனுப்பும் அதே அலைதான் அதுவும். கச்சாத் தரவு கடிகாரத்தை விட்டு வெளியே போகாமல், "நடந்தார், 12 நிமிடம்" என்ற விடை மட்டும் போகும்படி அமைப்பதே நல்லது.

எனவே, எதற்கு எது

உடற்பயிற்சியில் எத்தனை தடவை என்று எண்ண வேண்டுமா? முடுக்கமானி, 50 ஹெர்ட்ஸ், அலையின் முகடுகளை எண்ணும் எளிய விதி. நரம்பு வலையமைப்பு இங்கே கொசுவுக்குப் பீரங்கி. எந்தப் பயிற்சி என்பதைப் பயனரே ஒருமுறை தொட்டுச் சொல்லட்டும். அதை ஊகிக்க முயன்று தவறுவதைவிட அது அவருக்கு எரிச்சல் குறைவு.

ஒரு நாளின் செயல்களைப் பட்டியலிட வேண்டுமா? முடுக்கமானியும் முடிவு மரக் கூட்டமும். துண்டுகள் ஐந்து நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும், நிமிடக்கணக்கில் பெரும்பான்மை பார்த்து விடையைச் சீராக்குங்கள். "வேறு ஏதோ" என்ற வகுப்புக்கு மற்ற எல்லா வகுப்புகளையும்விட அதிகத் தரவு சேருங்கள்.

சைகையால் எதையாவது கட்டுப்படுத்த வேண்டுமா? முடுக்கமானி காவல், ஜைரோஸ்கோப் விசாரணை. மூன்று சைகை வரை வார்ப்பு ஒப்பீடே போதும். நூற்றுக்கணக்கானோரின் தரவு கையில் இருந்தால் மட்டும் சிறிய வலையமைப்புக்குப் போங்கள். குறியீடு எழுதும் முன் ஐந்தாறு பேருக்குக் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, எந்தச் சைகையும் செய்யாமல் ஒரு வாரம் இருக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். நீங்கள் தேர்ந்த சைகை அந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை தானாகவே வந்திருக்கிறது என்று தேடினால், பாதிச் சைகைகள் அங்கேயே கழிந்துவிடும்.

விரல்களின் தனித்தனி அசைவு வேண்டுமென்றால் அசைவு சென்சார்களோடு மல்லுக்கட்டாதீர்கள். தசைகளின் மின்சமிக்ஞையைப் படிக்கும் பட்டைகள் விற்பனைக்கே வந்துவிட்டன; அந்த வேலைக்கு அவைதான் பொருத்தம்.

கடைசியாக, என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: வீட்டிலுள்ள முதியவர் மாத்திரை போட்டுக்கொண்டாரா என்பதைக் கைக்கடிகாரத்தால் கண்டறிய முடியுமா? கை வாய்க்குப் போனதைச் சொல்ல முடியும். கையில் மாத்திரை இருந்ததா, வெறும் தண்ணீரா, கொட்டாவிக்கு வாயை மூடினாரா என்பதை மணிக்கட்டு அறியாது. நாளில் இரண்டு முறை நடப்பதை, நூறு முறை நடக்கும் அதே போன்ற அசைவுகளுக்கு நடுவே தேடுகிறோம்; தவறு நேர்ந்தால் பாட்டு மாறுவதோடு போகாது, ஒரு வேளை மருந்து தவறும் அல்லது இரட்டிக்கும். இதற்காகக் கடிகாரம் வாங்க நினைப்பவரிடம் நான் சொல்வது, மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒரு சிறிய சுவிட்ச் வையுங்கள் என்பதுதான். மாத்திரை உள்ளே போனதா என்று அதுவும் சொல்லாது. பெட்டியைத் திறந்தாரா என்பதை மட்டும் பிழையில்லாமல் சொல்லும்.